ஸ்டார் வார்ஸ்: டெஸ்டினி – பகடையைப் பழிப்பதற்கு முன்

ஃபேன்டசி ஃபிளைட் கேம்ஸ் நிறுவனம் 2016 நவம்பரில் வெளியிட்ட ‘ஸ்டார் வார்ஸ்: டெஸ்டினி’ என்ற சீட்டும் பகடையும் சேர்ந்த விளையாட்டு, உலகப் போட்டிகள் வரை நடந்து, ‘கோவர்ட் மிஷன்ஸ்’ என்ற தொகுப்போடு 2020இல் நிறுத்தப்பட்டது. நாகர்கோவிலில் ஞாயிறு மாலைகளில் கூடும் எங்கள் சிறு குழுவுக்குப் புதிதாக வருபவர்கள், தாயம் விழாதவர் தாயக்கட்டையை நொந்துகொள்வது போல, ஒவ்வொரு தோல்விக்கும் பகடையையே காரணம் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை தோல்வி பெரும்பாலும் உருட்டலால் வருவதில்லை. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது என்பதில் நேரும் பிழையால் வருகிறது.

ஆனாலும் முதல் தவறு மேசைக்கு வருமுன்பே, வாங்கும்போதே நேர்ந்துவிடுகிறது. ‘பூஸ்டர்’ என்ற பெயரில் விற்கப்பட்ட ஒரு சிறு பொட்டலத்தில் 5 சீட்டுகளும் 1 பகடையும் இருந்தன. அந்தப் பகடை, பொட்டலத்திலிருந்த ஒரு குறிப்பிட்ட சீட்டுக்கு மட்டுமே உரியது. கடைகளில் புதிய சரக்கு இல்லாமல் போனபின் பழைய சேகரிப்புகளைத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அவற்றில் சீட்டு ஒருவரிடமும் பகடை வேறொருவரிடமும் போய்ச் சேர்ந்திருப்பது சகஜம். கதைமாந்தர் ஒருவரைக் குறிக்கும் பாத்திரச் சீட்டு, பகடை இல்லாவிட்டால் படம் பார்க்க மட்டுமே உதவும் என்பதை, இணையவழியில் ஒரு விற்பனையாளரிடம் பணம் கொடுத்தபிறகே நான் கற்றுக்கொண்டேன். அதே பாத்திரத்தை வலுவான வடிவில் இறக்க விரும்பினால் 2 பகடைகள் தேவைப்படும். ஆகவே சீட்டையும் பகடையையும் ஒரே படத்தில் அருகருகே வைத்துக் காட்டச் சொல்லிக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஸ்டார் வார்ஸ் கதைமாந்தர்களான ரே அல்லது கைலோ ரென் பெயரில் வந்த தொடக்கப் பெட்டி ஒன்றை வாங்கிவிட்டால் போட்டிக்குப் போதும் என்று எண்ணுவதும் பிழையே. போட்டிக்கென ஒருவர் அமைத்துக்கொள்ளும் கட்டுக்கு வேண்டிய 30 சீட்டுகள் அதில் இல்லை.

நம் மாவட்டத்துக்கே உரிய தவறு ஒன்றும் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுகிற ஊரில், குளச்சல் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ள, உறையில்லாத சீட்டுகள் ஆடிச் சாரல் முடிவதற்குள் வளைந்துவிடுகின்றன. பார்வைக்கு அழகு குறைவது சிறிய இழப்புதான். கட்டில் ஒரு சீட்டு மட்டும் வளைந்திருந்தால் புறத்திலிருந்தே அதை அடையாளம் காண முடியும் என்பதால், நடுவர் அதைக் குறியிட்ட சீட்டாகக் கருத இடமிருக்கிறது. ஒரே வகை உறைகளும், காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பைகளும் போதும்.

கட்டு அமைப்பதில் நேரும் தவறுகள் குறைவு. பாத்திரங்களைச் சேர்க்க ஆகும் மொத்தப் புள்ளி 30ஐத் தாண்டக் கூடாது, ஒரே சீட்டு 2 பிரதிகளுக்கு மேல் கூடாது என்பவை எல்லோருக்கும் நினைவில் நிற்கின்றன. சில பாத்திரங்களின் புள்ளிகளை நிறுவனமே பின்னாளில் மாற்றியது என்பதுதான் மறந்துபோகிறது. அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பிக் கட்டமைத்தவருக்கும் எதிராளிக்கும் வாக்குவாதம் தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். இருவரும் மாறி மாறி ஒவ்வொரு செயல் செய்கிறார்கள்: ஒரு பாத்திரத்தை இயக்கி அதன் பகடைகளை உருட்டுவது ஒரு செயல், விழுந்த முகங்களைப் பயன்படுத்துவது இன்னொரு செயல். இந்த இரண்டுக்கும் நடுவில் எதிராளிக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கிறது என்பதே இந்த விளையாட்டின் உயிர். நல்ல முகம் விழுந்ததும் மகிழ்ந்து, இன்னொரு பாத்திரத்தையும் இயக்கிவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து அடிக்கலாம் என்று காத்திருப்பவர், அந்தப் பகடையை அகற்றும் சீட்டை ஆட எதிராளிக்குத் தாமே அவகாசம் கொடுக்கிறார். அதைவிடக் கொடியது, சாகும் நிலையிலுள்ள பாத்திரத்தின் பகடைகளை உருட்டிப் போட்டுவிட்டுக் காத்திருப்பது. பாத்திரம் வீழ்ந்தால் அதன் பகடைகளும் கூடவே போய்விடும். அதே சமயம், கூட்டல் குறியுள்ள முகம் தனியாகப் பயன்படாது, அதே சின்னமுள்ள சாதாரண முகம் ஒன்று துணைக்கு வேண்டும் என்பதால், காத்திருந்தே ஆக வேண்டிய தருணங்களும் உண்டு. எது எந்தத் தருணம் என்று பிரித்தறிவதில்தான் ஆட்டக்காரர்களுக்கிடையே வேறுபாடு தெரிகிறது.

கையிலிருந்து ஒரு சீட்டைக் கழித்து, விரும்பிய பகடைகளை மீண்டும் உருட்டலாம் என்ற சலுகையும் பலரைக் கெடுக்கிறது. சுற்றின் முடிவில் கையிலும் கட்டிலும் சீட்டு இல்லாதவர் தோற்பார் என்பது விதி. எதிராளியின் சீட்டுகளைத் தீர்ப்பதற்கென்றே அமைத்த கட்டுகளுக்கு எதிரே, இப்படிக் கழிக்கும் ஒவ்வொரு சீட்டும் நம் ஆயுளிலிருந்து கழிகிறது.

தொடக்க உருட்டலில் வென்றவுடன் யோசிக்காமல் தம் களத்தையே (ஆட்டம் நடக்கும் இடத்தைக் குறிக்க ஒவ்வொருவரும் கொண்டுவரும் சீட்டு) தேர்ந்தெடுப்பவர்களும் இருக்கிறார்கள். எவருடைய களம் தேர்ந்தெடுக்கப்படவில்லையோ அவர் பாத்திரங்கள் மீது விழும் அடியைத் தடுக்கும் 2 கேடயங்களைப் பெறுகிறார். வேகமாக அடிக்கும் எதிராளியிடம் அந்த 2 கேடயங்கள் களத்தை விடப் பெறுமதி உள்ளவையாக இருக்கலாம்.

‘பாஸ்’ சொல்லும்போது, எதிராளியும் உடனே பாஸ் சொன்னால் சுற்று அங்கேயே முடிந்துவிடும் என்பதையும், பயன்படுத்தாத பகடைகள் சீட்டுகளுக்கே திரும்பிவிடும் என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். களத்தைக் கைப்பற்றுவது இதைவிட ஆபத்தானது. கைப்பற்றியவர் அந்தச் சுற்றில் மேற்கொண்டு எதுவும் செய்ய இயலாது. எதிராளியோ விரும்பும்வரை தொடர்ந்து ஆடலாம். மார்த்தாண்டத்திலிருந்து வரும் எங்கள் நண்பர் ஒருவர், அடுத்த சுற்றைத் தாமே தொடங்கலாம் என்ற ஆசையில், தாக்குதல் முகம் காட்டிக் கிடந்த பகடையைப் பயன்படுத்தாமலே களத்தைக் கைப்பற்றிவிட்டு, எதிராளி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்த 4 செயல்களைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவரது பகடை நன்றாகத்தான் விழுந்திருந்தது.