சயாம் மரண ரயிலில் எந்தப் பக்கம் உட்காருவது?

பாங்காக்கிலிருந்து வழிகாட்டியுடன் ஒரு நாள் பயணமாகக் காஞ்சனபுரி போகிறீர்களா? அங்கிருந்து கடைசி நிலையமான நாம் தோக் நோக்கிப் போகும் சயாம் மரண ரயிலில் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், திரும்பும்போது வலப்பக்கம். தாம் கிராசே அருகே மலைச்சுவரை ஒட்டிய மரப்பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும். குவாய் நொய் ஆறும் மிதவை வீடுகளும் அந்தப் பக்கம்தான். மறுபக்கம் வெறும் பாறை. மூன்றாம் வகுப்பில் முன்பதிவு இருக்கை கிடையாது, முந்தினவருக்கே இடம். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் போட்ட பாதை இது, 1943-இல் முடிந்தது. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் இதைப் போடும்போது ஏராளமாக மடிந்தார்கள். சும்மா பாறையைப் பார்த்துக்கொண்டு கடக்கவா?

காஞ்சனபுரியிலுள்ள குவாய் ஆற்றுப் பாலத்தை மட்டும் காட்டி வேனிலேயே திருப்பிக் கூட்டிவரும் பயணத்துக்கு இது பொருந்தாது. அதனால் பணம் கட்டும் முன்பே, ரயில் பயணம் தாம் கிராசே வழியாகத்தானா என்று கேட்டுவிடுங்கள்.