பேர்ட்ஸ்வில் பாதையில் போகுமுன்: டயரில் கோட்டை விடாதீர்கள்

தென் ஆஸ்திரேலியாவின் மரீ என்னும் சிற்றூரில் தொடங்கி, குயின்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில் வரை செல்லும் 517 கிலோமீட்டர் மண்பாதையில் குளிர்காலந்தோறும் புதியவர்கள் பலர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். மரீயில் எண்ணெய் நிரப்பும் இடத்தில் அவர்களோடு பேச்சுக் கொடுத்தால், நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளைச் செய்யத்தான் அவர்களும் புறப்பட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். முதலுதவிப் பெட்டி வேண்டும், தொப்பி வேண்டும், என்ஜின் எண்ணெய் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும் ஆதலால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

டயரைப் பற்றிய அரைகுறை அறிவு

இந்தப் பாதை ஸ்டர்ட் கல் பாலைவனத்தின் ஊடாகச் செல்கிறது. ‘கிப்பர்’ எனப்படும் செந்நிறக் கற்கள் அங்கே தரை தெரியாமல் பரவிக் கிடக்கும். காற்றும் மணலும் தேய்த்து வழவழப்பாக்கிய கற்கள்தாம் அவை என்றாலும், சாலையைச் சமன்படுத்தும் இயந்திரத்தின் அடியில் உடைந்தவற்றின் விளிம்பு கத்தி போல இருக்கும். நகரத்தில் 38, 40 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) அளவில் காற்றடித்த டயர் விறைப்பாக இருப்பதால், இக்கல்லின் மேல் ஏறும்போது வளைந்து கொடுக்க வழியின்றிக் கிழிபடுகிறது. காற்றைக் குறைத்தால் ரப்பர் கல்லைச் சுற்றி அமுங்கி மீள்கிறது. சரளைச் சாலைக்கு 28 முதல் 32 வரை பொதுவாகப் போதும். வண்டியின் எடையையும் டயரின் வகையையும் பொறுத்து இது மாறும்.

இவ்வளவும் பலருக்குத் தெரிந்திருக்கிறது. காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது. அந்த அசைவில் சூடேறுகிறது. சுமை ஏற்றிய வண்டியை அந்த நிலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் சூடு உள்ளிருந்தே ரப்பரைச் சிதைக்கும். அதைவிட மோசமான தவறு அடுத்துதான் நடக்கிறது. வழியில் இறங்கி அளவுமானியை வைத்துப் பார்க்கிறார்கள். காலையில் 28 இருந்த டயர் இப்போது 38 காட்டுகிறது. காற்று அதிகமாகிவிட்டது என்று நினைத்து, சூடான டயரிலிருந்தே மறுபடியும் காற்றை இறக்கிவிடுகிறார்கள். அழுத்தம் ஏறியதற்குக் காரணமே டயர் அளவுக்கு மீறிச் சூடானதுதான். இன்னும் இறக்கினால் இன்னும் மடங்கும், இன்னும் சூடேறும். குளிர்ந்த டயரில் காலையில் ஓர் அளவும், ஒரு மணி நேரம் ஓட்டிய பின் ஓர் அளவும் எடுங்கள். கார் டயரானால் சுமார் 4, இலகுரக லாரி டயரானால் சுமார் 6 பி.எஸ்.ஐ. ஏறியிருந்தால் சரி. அதற்கு மேல் ஏறியிருந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது காற்றைக் கூட்ட வேண்டும்.

பாதையின் இடையே உள்ள மங்கரனிக்கு வடக்கே ஒரு பிற்பகலில், பாதையோரம் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. பின்பக்க இடது டயரின் பக்கச்சுவர் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. நான் மேலே சொன்னபடியே, மதியம் சூடான டயரில் காற்றை இறக்கியதாக வண்டிக்காரர் சொன்னார். பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்டும் சாமான் எதுவும் உதவாது; டயரை மாற்றியே ஆக வேண்டும். வண்டிக்கு அடியில் தொங்கிய ஸ்டெப்னியை அவர் வாங்கிய நாளிலிருந்து இறக்கிப் பார்த்ததே இல்லை. அதை இறக்கும் கம்பிச்சுருளில் செம்புழுதி ஏறி இறுகியிருந்தது. தட்டித் தட்டி இறக்கினால் உள்ளே காற்று பாதிகூட இல்லை. ஜாக்கியை வைத்தால் அது மண்ணுக்குள் இறங்கியது. பட்டறையில் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கிய நட்டுகள் வண்டியோடு வந்த குட்டை ஸ்பேனருக்கு அசையவில்லை. திருட்டைத் தடுக்கச் சக்கரத்துக்கு ஒன்றாகப் போட்டிருந்த பூட்டு நட்டின் சாவியோ அடிலெய்டில் வீட்டு அலமாரியில் இருந்தது. பழைய சாக்கெட் ஒன்றை அந்த நட்டின் மேல் சுத்தியலால் அறைந்து இறக்கித் திருகி எடுத்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவர் மனைவி இரு குழந்தைகளையும் வண்டி நிழலில் உட்காரவைத்து, ஈயை விரட்டியபடியே அத்தனை நேரமும் காத்திருந்தார்.

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. இதில் ஒன்றுகூடப் பாலைவனத்தின் குற்றம் அன்று. வீட்டு வாசலில் ஒரு சக்கரத்தைத் தாமே கழற்றி மாட்டிப் பார்த்திருந்தால் அத்தனையும் அங்கேயே தெரிந்திருக்கும். நாங்கள் அவ்வழியே வராமல் இழுவை வண்டியை வரவழைக்க நேர்ந்திருந்தால், செலவு ஆயிரக்கணக்கான டாலராகியிருக்கும். ஆகவே முழு அளவிலான ஸ்டெப்னி இரண்டு, நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பேனர், ஜாக்கிக்கு அடியில் வைக்கத் தடித்த பலகை, காற்றடிக்கும் கம்ப்ரசர், பூட்டு நட்டின் சாவி ஆகியவை இல்லாமல் மரீயைத் தாண்டாதீர்கள். பூட்டு நட்டுகளைக் கழற்றிவிட்டுச் சாதாரண நட்டுகளை மாட்டிக்கொள்வது அதைவிட நல்லது.

தார்ச்சாலை மைலேஜை நம்புதல்

மரீயிலிருந்து மங்கரனிக்கு 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கிருந்து பேர்ட்ஸ்வில்லுக்கு 300க்கு மேல். மங்கரனியைத் தவிர இடையில் வேறெங்கும் எண்ணெய் கிடையாது. எதிர்க்காற்றும், இளகிய மண்ணும், கூரைமேல் கட்டிய சுமையும் எண்ணெயைக் குடிக்கும். பாதையைக் குறுக்கிடும் கூப்பர் ஓடையில் வெள்ளம் வந்தால் பாதி வழியில் திரும்பவும் நேரலாம் என்பதால், அதையும் கணக்கில் சேர்த்து நிரப்புங்கள்.

தண்ணீரை ஒரே தொட்டியில் வைத்தல்

ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 10 லிட்டர் என்று கணக்கிட்டுப் பல கலன்களில் பிரித்து வையுங்கள். ஒரு குழாய் உடைந்தால் எல்லாம் போகக் கூடாது.

இருட்டிய பின் ஓட்டுதல்

வேண்டாம். மாடும் கங்காருவும் பாதையில் நிற்கும்.

மூடிய சாலையில் நுழைதல்

மழைக்குப் பின் மேலே காய்ந்திருந்தாலும் அடியில் களிமண் சேறாகவே இருக்கும். அபராதமும் உண்டு.

வண்டியை விட்டு நடத்தல்

1963 டிசம்பரில், இதே பாதையில் எண்ணெய் தீர்ந்து நின்ற ஐவர் கொண்ட குடும்பம் வண்டியை விட்டு வெளியேறி உயிரிழந்தது. வானிலிருந்து தேடுபவர்களுக்கு நடந்துபோகும் மனிதரைவிட நிற்கும் வண்டி எளிதில் தென்படும். அதன் நிழலும் உங்களுக்கு வேண்டும். எத்தனை மணி நேரமானாலும் அங்கேயே இருங்கள்.

கைபேசியை மட்டும் நம்புதல்

ஊர்களை விட்டு விலகினால் சிக்னல் இருக்காது. 406 மெகாஹெர்ட்ஸ் அவசரப் பீக்கன் (ஆபத்தில் சைகை அனுப்பும் கருவி) ஒன்றை வாங்கி, ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்திடம் பதிவு செய்துகொள்ளுங்கள்; பதிவுக்குக் கட்டணம் இல்லை. பதிவு இருந்தால்தான் சைகை வந்தவுடன் அது யாருடையது என்று தெரிந்து, உங்கள் வீட்டாரிடம் விசாரிக்க முடியும்.

யாரிடமும் நேரம் சொல்லாமல் போதல்

எந்த வழியாகப் போகிறீர்கள், எந்த நாள் எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் 131 444 எண்ணில் காவல்துறையை அழைக்க வேண்டும் என்பதை ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பேர்ட்ஸ்வில்லில் இறங்கியதும் முதல் வேலையாக அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்கள் விடுதியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உங்களைத் தேடிப் பாதையில் ஆட்கள் அலைவார்கள்.