லால்பாக் பாறைக்கு 138 தப்படி: பிள்ளைகளுக்குப் பிரபஞ்சத்தின் வயதைக் காட்டுவது எப்படி?

1380 கோடி ஆண்டு என்று சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான், மண்டையில் ஏறாது. பெங்களூரில் இருப்பவர்களுக்கு வழி இருக்கிறது. ஞாயிறு காலை வெயில் ஏறுமுன் லால்பாக் பூங்காவுக்குப் போய், கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறையின் அடியிலிருந்து 138 தப்படி எண்ணிக்கொண்டே விலகிப் போங்கள், பாதை வளைந்தாலும் பரவாயில்லை. ஒரு தப்படிக்கு 10 கோடி ஆண்டு. போய் நிற்கும் இடம் பிரபஞ்சம் தொடங்கிய பெருவெடிப்பு, பாறை இன்றைய நாள். சரி, இப்போது திரும்பிப் பாறையை நோக்கி நடை. எண்ணியவரேதான் நடக்க வேண்டும். நான் எண்ணி அக்கா பையன் நடந்ததில், பாதி வழியிலேயே டைனோசர் காலம் முடிந்துவிட்டது.

முதல் தப்படியின் முதல் மூன்று மில்லிமீட்டருக்குள் அணுக்கள் உருவாகி, ஒளி விடுபட்டுவிடுகிறது. அந்த மிச்ச ஒளிதான் 1964இல் பென்சியாஸ், வில்சன் என்ற இரு விஞ்ஞானிகளின் ரேடியோ ஆன்டெனாவில் ஓயாத இரைச்சலாக வந்தது. புறா எச்சம்தான் காரணமோ என்று துடைத்துக்கூடப் பார்த்தார்கள், போகவில்லை. (இந்த இடத்தில் சிரிப்பு நிச்சயம்.) "எங்கே வெடித்தது?" என்று கேட்டால், ஓர் இடத்தில் வெடிக்கவில்லை, அண்டவெளிதான் எல்லா இடத்திலும் விரிந்தது என்று சொல்லுங்கள். அதற்கு முன்னால் என்ன என்றால், யாருக்கும் தெரியாது, அதையே சொல்லலாம்.

அப்புறம் 92 வரை ஓடவிடுங்கள். கார்பன், ஆக்சிஜன், இரும்பு எல்லாம் நட்சத்திரங்களுக்குள் வெந்துகொண்டிருக்கும் காலம் அது. 93இல் பூமி.

103இல் கட்டாயம் நிறுத்துங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராவில் நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காக விட்டுப்போன ஸ்ட்ரோமடோலைட் பாறைகளுக்கு ஏறக்குறைய 350 கோடி வயது. பூமி வந்து பத்தே தப்படியில் உயிர்! ஆனால் அதற்குப் பின் வெகுதூரம், தோசை மாவைப் புளிக்கவைக்கிற மாதிரி கண்ணுக்குத் தெரியாத கூட்டம்தான். அதில் ஒரு வகை வெயிலில் உணவு தயாரித்து ஆக்சிஜனைக் கழித்துத் தள்ளியது, 114 வாக்கில் அது காற்றிலேயே சேரத் தொடங்கியது. பெரிய விலங்குகள் பெருகுவது 133இல், டைனோசர் 136இல். மனிதன் கடைசி இரண்டு மில்லிமீட்டர்.

பாறையைத் தொட்டதும் அதன் இடத்தையும் சொல்லிவிடுங்கள்: ஏறத்தாழ 300 கோடி வயது, அதாவது 108ஆவது தப்படி. 108 என்பதால் கூட வரும் பாட்டிக்கும் மறக்காது. இந்த வகைப் பாறைக்கு நைஸ் என்று பெயர், தொட்டால் சொரசொரப்புதான். பூமிக்குள் வெந்து உருமாறியது, அதனால் உயிர்த்தடம் தேடிக் குனிய வேண்டாம், வெளிர், கருமை வரிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே நிழல் கிடையாது, தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள்.