லினக்ஸ் கெர்னல் எவ்வளவு மாறியிருக்கிறது? நாமே அளந்து பார்க்கலாம்

1991 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் 0.01-இல் சுமார் 10,000 நிரல் வரிகள்தான் இருந்தன. இன்று கெர்னல் (வன்பொருளையும் மற்ற நிரல்களையும் இணைக்கும், இயங்குதளத்தின் உள்ளகம்) மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. பெரும்பாலான கட்டுரைகள் இதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன, எனக்கு அதில் எப்போதும் ஒரு குறை. எந்தப் பகுதி வளர்ந்தது, எதைத் தூக்கி எறிந்தார்கள், எந்தக் கோப்பில் ஓயாமல் கை வைக்கிறார்கள் என்று பார்த்தால்தான் ஒரு பெரிய மென்பொருள் எப்படி உயிரோடு இருக்கிறது என்பது புரியும். அதைப் பார்க்க டெர்மினலும் (கட்டளைகளைத் தட்டும் திரை) கிட்டும் (நிரலில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்) இருந்தால் போதும்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். 'தெரிவு' என்று சொல்கிற சொல்லுக்கு முன்னால் இடைவெளி இல்லாமல் இரண்டு சிறுகோடு போட வேண்டும்.

படி 1: வரலாற்றோடு இறக்குங்கள்

கெர்னல்.ஆர்க் தளத்தில் உள்ள டோர்வால்ட்ஸின் களஞ்சியத்தை 'கிட் குளோன்' கொடுத்து இறக்குங்கள். சில ஜிபி ஆகும், நேரமும் பிடிக்கும். சீக்கிரம் முடியட்டும் என்று 'டெப்த்' தெரிவில் 1 கொடுத்துவிடாதீர்கள், அப்படிச் செய்தால் கடைசி நிலை மட்டும் வரும், நாம் அளக்க வேண்டிய வரலாறு வராது.

இறங்கியதும் அந்தக் கோப்புறைக்குள் போய் 'கிட் டேக்' என்று தட்டினால் எல்லா வெளியீடுகளின் பெயரும் (இவற்றைத்தான் டேக் என்பார்கள்) வரிசையாக வரும். வரலாறு 2005 ஏப்ரலில், 2.6.12-இன் ஒரு சோதனை வெளியீட்டில் தொடங்குவதைக் கவனியுங்கள். கிட் பிறந்ததே அந்த மாதம்தான், அதற்கு முன் கெர்னல் பிட்கீப்பர் என்ற அதே வகை மென்பொருளில் இருந்தது, பழைய வரலாற்றை டோர்வால்ட்ஸ் இங்கே கொண்டுவரவில்லை. அதனால் முதல் கமிட் (கிட்டில் ஒருமுறை பதியும் மாற்றம்) ஒன்றிலேயே சுமார் 67 லட்சம் வரிகள் சேர்ந்ததாகக் கணக்கு வரும். அந்தக் கமிட்டை விட்டுவிட்டுத்தான் எண்ண வேண்டும், இல்லையென்றால் உங்கள் வரைபடத்தில் அந்த ஒரு கோபுரம்தான் தெரியும், மற்றதெல்லாம் தரையோடு தரையாகப் படுத்துவிடும்.

படி 2: இரண்டு வெளியீடுகளை ஒப்பிடுங்கள்

தொடக்கத்துக்கு 4.16, 4.17 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். 'கிட் டிஃப்', அடுத்து 'ஷார்ட்ஸ்டாட்' தெரிவு, அப்புறம் இரண்டு டேக்குகளின் பெயர் (எண்ணுக்கு முன் 'வி' எழுத்து வரும்). எத்தனை கோப்புகள் மாறின, எத்தனை வரிகள் கூடின, எத்தனை கழிந்தன என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும்.

இந்த ஜோடியை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். 2018 ஜூனில் வந்த 4.17-இல், பிளாக்ஃபின், கிரிஸ், டைல் உட்பட யாரும் பயன்படுத்தாமல் கிடந்த 8 செயலி வகைகளுக்கான நிரலை மொத்தமாக எடுத்துவிட்டார்கள், கிட்டத்தட்ட 5 லட்சம் வரிகள். வெளியீட்டின் முடிவில் கெர்னல் சுருங்கியே இருந்தது. கூடிய வரிகளை மட்டும் பார்ப்பவருக்கு இது வழக்கமான வெளியீடாகத்தான் தெரியும், அதனால் கழிந்த வரிகளுக்குத் தனி நெடுவரிசை ஒதுக்கிக் குறித்து வையுங்கள்.

ஒரு நுணுக்கம். 'டிஃப்' இரண்டு முனைகளை மட்டும்தான் பார்க்கும், நடுவில் ஒருவர் எழுதி இன்னொருவர் அழித்த வரி அதில் வராது. அந்த உழைப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டுமென்றால் 'கிட் லாக்' கட்டளையோடு 'நம்ஸ்டாட்' தெரிவைப் போட்டு, ஒவ்வொரு கமிட்டின் எண்ணையும் கூட்டுங்கள். கூடவே 'நோ-மெர்ஜஸ்' தெரிவையும் போட்டால் இணைப்புக் கமிட்கள் (தனித்தனியாக நடந்த வேலைகளை ஒன்றுசேர்க்கும் பதிவுகள்) ஒதுங்கிவிடும், கமிட்களின் எண்ணிக்கையும் சரியாக வரும்.

படி 3: எங்கே மாறியது?

'ஷார்ட்ஸ்டாட்' இருந்த இடத்தில் 'டர்ஸ்டாட்' (டி, ஐ, ஆர், பிறகு ஸ்டாட்) என்று மாற்றிப் பாருங்கள். எந்தக் கோப்புறையில் எத்தனை சதவீத மாற்றம் என்று பிரித்துக் காட்டும். நான் முதலில் கற்றுக்கொடுக்க விரும்புவது இந்தக் கட்டளையைத்தான். 4.17-க்கு, செயலி வகைகளுக்கான நிரல் இருக்கும் 'ஆர்ச்' கோப்புறை துருத்திக்கொண்டு நிற்கும். வேறு வெளியீடுகளைப் போட்டால் 'டிரைவர்ஸ்' கோப்புறைதான் பெரும் பங்கைப் பிடித்திருக்கும், ஏனென்றால் சந்தைக்குப் புதுச் சாதனம் வரும்போதெல்லாம் அதற்கு ஒரு டிரைவர் எழுத வேண்டியிருக்கிறது. கெர்னலின் மையப் பகுதியோ மொத்தத்தில் சிறியது. அப்படியிருக்க மூன்று கோடி வரிகள் என்பதால் கெர்னலே அத்தனை சிக்கல் என்று முடிவு கட்டுவது தவறு.

'டிரைவர்ஸ்' உள்ளேயும் ஒரு பொறி இருக்கிறது. ஏஎம்டி கிராஃபிக்ஸ் டிரைவரின் தலைப்புக் கோப்புகளில் (ஹெடர் கோப்புகளில்) பல லட்சம் வரிகள் கருவி தானாக உருவாக்கியவை, எவரும் உட்கார்ந்து எழுதியவை அல்ல. அவற்றைத் தனியாக எண்ணுங்கள்.

படி 4: இடம் மாறிய கோப்புகள்

பலர் தவறுவது இங்கேதான். 'கெர்னல்' கோப்புறைக்குள் 'ஷெட்' (எஸ், சி, எச், இ, டி), அதற்குள் 'கோர்.சி' என்ற கோப்பின் வரலாற்றை 'கிட் லாக்' கொடுத்துப் பார்த்தால் 2011-இல் நின்றுவிடும். கோப்பு அதைவிடப் பழையது, அந்த ஆண்டில்தான் 'ஷெட்.சி' என்ற பழைய இடத்திலிருந்து இங்கே நகர்த்தினார்கள். 'ஃபாலோ' தெரிவைச் சேர்த்தால் 2005 வரை போகும். இரண்டு வெளியீடுகளை ஒப்பிடும்போது பெயர் மாற்றங்களைக் கிட் தானாகவே கண்டுபிடிக்கப் பார்க்கும், ஆனால் கோப்புகள் மிக அதிகமானால் பாதியில் விட்டுவிடும், அப்போது வெறும் இடமாற்றம்கூட பெரிய மாற்றம் போல எண்ணில் வந்து நிற்கும்.

படி 5: வரைபடம்

எண்களை லிப்ரே ஆபிஸ் கால்க்கில் போட்டு வரையலாம். கீழ் அச்சில் வெளியீடா, தேதியா? 1970-களில் ஐபிஎம்மின் ஓஎஸ்/360 இயங்குதளத்தை ஆராய்ந்த பெலாடியும் லேமனும் வெளியீட்டு எண்ணைப் போட்டார்கள். 2000-இல் லினக்ஸை அளந்த காட்ஃப்ரேயும் டூவும் தேதியைப் போட்டுப் பார்த்தபோது, வளர்ச்சி வரவர வேகமெடுப்பது தெரிந்தது. இப்போது கெர்னல் 9, 10 வாரத்துக்கு ஒன்றாக வருவதால் எதைப் போட்டாலும் பெரிய வித்தியாசமில்லை, 2.6-க்கு முந்தைய காலத்துக்குப் போனால் தேதிதான் சரி. முதல் எண்ணை நம்பி மட்டும் எதையும் வரையாதீர்கள், 2.6.39-க்கு அடுத்து 3.0 என்று வந்தது எண்ணை எளிதாக்கத்தான், உள்ளே அப்படியொரு பெரிய மாற்றம் இல்லை.

படி 6: அதிகம் தொடப்படும் கோப்புகள்

'கிட் லாக்', 'நேம்-ஒன்லி' தெரிவு, காலியான 'ஃபார்மட்' தெரிவு, இரண்டு டேக்குகளுக்கு நடுவில் இரண்டு புள்ளி. வரும் பட்டியலை பைப் குறி (செங்குத்துக் கோடு) வழியாக, வரிசைப்படுத்தும் 'சார்ட்', பிறகு எண்ணிக்கை காட்டும் 'யூனிக்' (யு, என், ஐ, க்யூ என்ற நான்கு எழுத்து, கூடவே சிறுகோடு சி), மறுபடி எண் வரிசையில் தலைகீழாக 'சார்ட்' என்று அனுப்புங்கள். உச்சியில் 'மெயின்டெய்னர்ஸ்' கோப்பு தெரிந்தால் அதைத் தள்ளி வையுங்கள், அது பொறுப்பாளர்கள் பட்டியல், நிரல் இல்லை. அடுத்து வரும் பத்துக் கோப்புகளில் ஒன்றைத் திறந்து, அதன் கமிட் குறிப்புகளை ஒரு மணி நேரம் உட்கார்ந்து படியுங்கள். அந்தக் கோப்பை ஏன் திரும்பத் திரும்பத் தொடுகிறார்கள் என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.