பழைய ஹாக்ஸா பிளேடில் ஒரு சமையல் கத்தி

கத்தி செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வருகிற பையன்கள் முதலில் கேட்பது உலையைப் பற்றித்தான். கரி எங்கே வாங்குவது, துருத்திக்குப் பதில் ஹேர் டிரையர் ஆகுமா என்று. நான் கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் டூல் ரூமில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் என் கொட்டகையில் உலை கிடையாது. பழைய பவர் ஹாக்ஸா பிளேடு ஒன்று, நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டர், பெஞ்ச் வைஸ், எமரி ஷீட். முதல் கத்திக்கு இவ்வளவு போதும்.

கத்தி யாருக்கு என்று முடிவாகாமல் பிளேடைத் தொடாதீர்கள். அவர் ஒரு வேளைச் சமையலுக்கு நறுக்குவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். என் அக்கா பலகையைத் தொடவே மாட்டாள். சின்ன வெங்காயத்தை இடது கையில் பிடித்து, கத்தியைக் கட்டைவிரல் பக்கம் இழுத்து, அரிந்ததை நேராக வாணலியில் விழ விடுவாள். எட்டு அங்குலக் கத்தி ஒன்றைக் காட்டினேன். “கையில வெச்சு அரியறவளுக்கு எதுக்குடா இவ்ளோ நீளம்?” என்றாள். நியாயம்தான். அவளுக்கு அலகு நாலு அங்குலம், அகலம் 30 மில்லிமீட்டர், வெட்டும் விளிம்பான வாய் ஏறக்குறைய நேர்கோடு. பிடியை ஒட்டி வரும் அடிமூலையைக் கொஞ்சம் மழுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் விரலைக் குத்தும். இதே கத்தியை மெஸ்ஸில் முட்டைக்கோஸ் அரியும் மாஸ்டரிடம் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். பலகையில் வெட்டுகிறவருக்கு அலகு அகலமாக இருந்தால்தான் விரல் மூட்டு பலகையில் இடிக்காது. ஹாக்ஸா பிளேடில் அந்த அகலம் கிடைக்காது, அவருக்கு வேறு தகடுதான்.

பிடியின் நீளத்துக்கு, நாலு விரலையும் சேர்த்து வைத்த அகலத்தோடு இரண்டு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். தடிமனுக்குக் கணக்கைவிட ஒரு வேஸ்ட் மரத்துண்டைச் செதுக்கிக் கையில் கொடுத்துப் பார்ப்பது மேல். மூட்டு வலி உள்ளவர்கள் பெரும்பாலும் தடித்த பிடியைத்தான் கேட்பார்கள். அளவெல்லாம் சரியானதும் அட்டையில் முழுக் கத்தியையும் வெட்டி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். திருத்தம் எல்லாம் அட்டையோடு முடியட்டும்.

இப்போது பிளேடு. கம்பி, ராடு அறுக்கும் பவர் ஹாக்ஸாவில் பல் தேய்ந்து கழித்த பிளேடு பட்டறைகளில் எடைக்குக் கிடைக்கும். ஒன்றரை அங்குல அகலம், இரண்டு மில்லிமீட்டர் கனம் பாருங்கள். முழுக்க ஹைஸ்பீடு ஸ்டீலாக, அதாவது சூட்டிலும் கடினம் இறங்காத உருக்காக, இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பல் வரிசை மட்டும் ஹைஸ்பீடு, முதுகு இளக்கமான வேறு உருக்கு என்று ஒட்டுப்போட்டு வருவதும் உண்டு. முதுகில் அரம் போட்டுப் பாருங்கள். அரம் பிடித்துச் சீவினால் வேண்டாம், கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கினால் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பொறியைக் கவனியுங்கள். சாதா கார்பன் உருக்கு மஞ்சளாக, பூப்பூவாக வெடிக்கும். ஹைஸ்பீடில் பொறி குறைவு, மங்கிய சிவப்பில் கோடு கோடாக விழும்.

இந்த உருக்கைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆலையிலேயே கடினப்படுத்தி, 550 டிகிரி வாக்கில் மறுபடி சூடாக்கிப் பதப்படுத்தி வருகிறது. சாதா உருக்கைத் தீட்டும்போது வாய் நீலமானால் பதம் போச்சு, அந்த இடம் மொண்ணையாகிவிடும். இதில் நீலம் ஓடினாலும் கடினம் இறங்காது. கற்றுக்கொள்கிறவர் கைக்கு இதைவிடப் பொறுமையான உருக்கு கிடையாது. பதிலுக்கு இரண்டு குறை. நொறுங்கும் குணம் உண்டு, தரையில் விழுந்தால் முனை தெறிக்கலாம். குரோமியம் நாலு சதவீதம்தான் என்பதால் துருவும் பிடிக்கும்.

அட்டையை வைத்து மார்க்கரால் வரைந்து, ஒரு மில்லிமீட்டர் கட்டிங் வீலால் நேர்கோடு நேர்கோடாக வெட்டுங்கள். வளைவை வீலால் திருப்பப் பார்த்தால் வீல் உடையும். வளைவெல்லாம் எமரி இதழ்கள் அடுக்கிய ஃபிளாப் டிஸ்க் வேலை. பற்களை அடிப்பள்ளம் வரை முழுதாக எடுத்துவிடுங்கள், மிச்சம் இருந்தால் கடைசியில் வாயில் அலை அலையாகத் தெரியும். கண்ணாடி, மாஸ்க், வீலை மூடும் பாதுகாப்புத் தகடு மூன்றும் இல்லாமல் சுவிட்சைப் போடக்கூடாது. லுங்கியும் தோளில் துண்டும் கொட்டகைக்கு வெளியே.

அடுத்தது முதுகிலிருந்து வாய்வரை மெலிந்து வரும் சரிவு. கத்தி நன்றாக வெட்டுவதும் வெட்டாததும் இங்கேதான் தீர்மானமாகிறது. கடையில் வாங்கும் பல கத்திகள் புதிதிலேயே கேரட்டைப் பிளக்கின்றன, நறுக்குவதில்லை. வாய்க்குப் பின்னால் இருக்கும் கனம்தான் காரணம். வாயின் விளிம்பில் மார்க்கர் மையைப் பூசி, சமமான மேசையில் பிளேடைப் படுக்க வையுங்கள். பிளேடின் அதே கனமுள்ள டிரில் பிட்டைப் பக்கத்தில் படுக்கவைத்து, அதன் முனையால் மையைக் கீறுங்கள். சரியாக நடுக்கோடு விழும். அந்தக் கோட்டை விடாமல் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி 60 நம்பர் ஃபிளாப் டிஸ்கால் இறக்குங்கள். ஒரே பக்கம் தேய்த்துக்கொண்டே போனால் வாய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். முதுகில் இரண்டு மில்லிமீட்டர், வாயருகே 0.3 வரை வர வேண்டும். வெர்னியர் இருந்தால் அளந்து பாருங்கள். கை பொறுக்காத சூடு வந்ததும் தண்ணீரில் நனைக்கலாம். சிவக்கும்வரை தேய்த்துவிட்டுத் தண்ணீரில் போட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும், அப்போது காற்றில் ஆறட்டும். பிறகு மரக்கட்டையில் சுற்றிய எமரியால் 120, 220, 400 என்று போங்கள். ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றினால் முந்தைய கோடுகள் போய்விட்டதா என்று பளிச்சென்று தெரியும்.

பிடிக்குத் தேக்கு நல்லது, ஈட்டி மரம் இன்னும் அழகு. ஃபர்னிச்சர் பட்டறையில் துண்டாகக் கேளுங்கள். வேங்கை வேண்டாம், தண்ணீர் பட்டால் பழுப்புச் சாயம் விடும். எட்டு மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு பலகைகள். பிளேடின் கோடியில் ஏற்கெனவே இருக்கும் துளையை, பிடிக்குள் போகும் காம்பின் பக்கம் வருமாறு முதலிலேயே திட்டமிட்டிருந்தால் பித்தளை ஆணிக்கு அதுவே போதும். சாதா டிரில் இந்த உருக்கில் இறங்காது, இன்னொரு துளை வேண்டுமென்றால் கார்பைடு பிட் வாங்க வேண்டும். நான் வாங்குவதில்லை. காம்பின் விளிம்பில் கிரைண்டரால் நாலைந்து வெட்டு போட்டுவிடுவேன், பசை அதில் இறங்கி இறுகிக்கொள்ளும்.

அலகைப் பார்க்கும் முன்பக்க விளிம்பை ஒட்டுவதற்கு முன்பே வழவழப்பாக்கிவிடுங்கள். ஒட்டிய பிறகு அங்கே எமரி போட்டால் அலகில் கீறல் விழும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் அசிட்டோனால் துடைத்துவிட்டு, மெதுவாக இறுகும் வகை எபாக்சி போடுங்கள், ஐந்து நிமிட வகை வேண்டாம். கிளாம்பை அளவுக்கு மீறி முறுக்கினால் பசை முழுக்க வெளியே வந்துவிடும். பிதுங்கியதை உடனே துடைத்துவிட்டு ஒரு நாள் விடுங்கள். அப்புறம் அலகில் கனமாக டேப் சுற்றிவிட்டுப் பிடியை உருவாக்குங்கள். இங்கே அவசரம் வேண்டாம். சொந்தக்காரரைக் கூப்பிட்டுப் பிடித்துப் பார்க்கச் சொல்லி, அவர் சுட்டிக்காட்டும் இடத்தில் மட்டும் தேயுங்கள். பூச்சுக்குக் கலப்பில்லாத ஆளிவிதை எண்ணெய். பெயின்ட் கடையில் கிடைக்கும் ‘பாயில்டு’ வகையில் உலர்த்தி ரசாயனம் இருக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

கடைசியில் சாணை. 400 நம்பர் கல்லில் ஆரம்பித்து 1000, 3000. முப்பது மில்லிமீட்டர் அகல அலகுக்கு முதுகைக் கல்லிலிருந்து எட்டு மில்லிமீட்டர் தூக்கிப் பிடித்தால் கிட்டத்தட்ட 15 டிகிரி. ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கத்தில் பிசிறு நகத்தில் தட்டுப்பட வேண்டும், அதற்குப் பிறகே திருப்ப வேண்டும். பழுத்த தக்காளியின் தோலில் அழுத்தாமல் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மறுபடி கல்லுக்கு.

பெரிய அலகுக்கு ஆசை வந்தால் உலை பற்றி யோசிக்கலாம். காந்தம் ஒட்டாத சூட்டுக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி, வெதுவெதுப்பான எண்ணெயில் தோய்ச்சல் போட்டு, ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைப்பது கார்பன் உருக்குக்குப் பொதுவான வழி. இல்லையென்றால் ஹீட் ட்ரீட்மென்ட் கடையில் கொடுத்து கடினத்துக்கு ராக்வெல் அளவில் 59, 60 கேளுங்கள். ஒன்று மட்டும் கவனம். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீடு, விவசாயம், தொழில் போன்ற பயன்பாட்டுக்கு இல்லையென்றால், இந்தியாவில் ஆயுதச் சட்டத்துக்குள் வந்துவிடும். அலங்காரக் கத்தி, வாள் என்று யாராவது ஆர்டர் கொடுத்தால் நான் எடுப்பதில்லை.

கத்தியைக் கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள்: எலுமிச்சை, புளி பட்டால் உடனே கழுவித் துடைக்க வேண்டும், சாம்பல் நிறம் படிந்தால் அது கெடுதல் இல்லை. தேங்காய் உடைக்கவும் எலும்பு வெட்டவும் கூடாது. தெருவில் வரும் சாணைக்காரரிடமும் வேண்டாம், நீங்கள் இறக்கிய மெல்லிய வாயை அவர் சக்கரம் ஒரே நிமிடத்தில் தின்றுவிடும். கூடவே ஒரு 1000 கல் வாங்கிக் கொடுத்து, அதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.