'எ ஹார்ட் டேஸ் நைட்' படத்தை எப்படிப் பார்ப்பது?

ஜான் லென்னன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்ற நால்வர் அடங்கிய பிரிட்டிஷ் இசைக்குழுவான பீட்டில்ஸ் நடித்த முதல் திரைப்படமான 'எ ஹார்ட் டேஸ் நைட்' 1964 ஜூலை 6 அன்று லண்டன் பெவிலியன் திரையரங்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. நால்வரின் புகழ் வற்றுவதற்குள் காசு பார்த்துவிட வேண்டும் என்ற கணக்கில் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் குறைந்த செலவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. உண்மையில் படத்தைவிட, அதன் பாடல்களை இசைத்தட்டாக விற்கும் உரிமையின் மேல்தான் அந்நிறுவனத்துக்குக் கண். மார்ச் 2ஆம் தேதி படப்பிடிப்பு தொடங்கியது, நான்கே மாதங்களில் படம் திரைக்கு வந்துவிட்டது. இப்படி அவசர அவசரமாகச் செய்த ஒரு சரக்கு, அறுபது ஆண்டுகள் கழித்தும் புதிதாகப் பார்ப்பவரைச் சிரிக்க வைக்கிறது என்றால், அதில் பாடல்களைத் தாண்டி ஏதோ இருக்கிறது. பீட்டில்ஸ் பாடல்களை ஓரளவு கேட்டிருந்தும் இந்தப் படத்தைப் பார்க்காதவர்களுக்காகவும், ஒருமுறை பார்க்க உட்கார்ந்து 'இதில் கதையே இல்லையே' என்று பாதியில் எழுந்துவிட்டவர்களுக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதலில் எந்தப் பிரதியைப் பார்ப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். படத்தின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 2014இல், இயக்குநர் ரிச்சர்ட் லெஸ்டரின் ஒப்புதலோடு 4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்டு, பழைய படங்களை வட்டாக வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் கொண்டுவந்த பிரதி கிடைத்தால் அதையே எடுங்கள். அதில் ஒலித்தடத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. முதல் முறை பார்க்கும்போது பழைய மோனோ (ஒற்றைத் தட) ஒலியையே வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அன்று திரையரங்கில் கேட்ட ஒலிக்கு அதுதான் நெருக்கமானது. ஆங்கில வசன வரிகளைத் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். நால்வரும் பேசுவது லிவர்பூல் நகரத்து வழக்கு. அதையும் வாய்க்குள்ளேயே, ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் ஏறிப் பேசுவார்கள். யூடியூபில் கிடைக்கும் பாடல் துண்டுகளை மட்டும் முதலில் பார்த்துவிடாதீர்கள். படம் வெறும் 87 நிமிடம்தான். நம் பழக்கப்படி நடுவில் ஓர் இடைவேளை விட்டால் அதன் ஓட்டமே கெட்டுவிடும் என்பதால், ஒரே மூச்சில் பார்ப்பதற்கு ஒரு மாலை நேரத்தை ஒதுக்கிவிடுங்கள்.

கதை என்று பார்த்தால் மிகச் சிறியது. நால்வரும் ரயிலேறி லண்டனுக்கு வருகிறார்கள், விடுதியில் தங்குகிறார்கள், மறுநாள் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்க்கிறார்கள், இரவில் நேரலையில் பாடிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்புகிறார்கள். கூடவே பால் மெக்கார்ட்னியின் தாத்தா என்று சொல்லப்படும் ஒரு கலகக்காரக் கிழவர் வந்து போகும் இடமெல்லாம் குட்டையைக் குழப்புகிறார். கதை இவ்வளவுதான் என்றால் எதைப் பிடித்துக்கொண்டு படத்தைப் பார்ப்பது? என் பரிந்துரை, அறைகளைக் கவனியுங்கள் என்பதுதான். திரைக்கதையை எழுதிய அலன் ஓவன், எழுத உட்காருவதற்கு முன் 1963 நவம்பரில் டப்ளினில் இக்குழுவினரோடு சுற்றினார். வெளியே கூட்டம் அலைமோத, இவர்கள் விடுதியிலிருந்து காருக்கும் காரிலிருந்து அரங்குக்கும் அரங்கிலிருந்து மீண்டும் விடுதிக்கும் ஓடுவதைப் பார்த்த அவருக்கு, இவர்கள் தங்கள் புகழுக்கே கைதிகள் என்று பட்டது. அதை அவர் ஒரு பிரசங்கமாக எழுதவில்லை. ஊர் பார்க்கலாம் என்று வந்தேன், இதுவரை கண்டதெல்லாம் ஒரு ரயில், ஓர் அறை, ஒரு கார், ஓர் அறை, பிறகு ஓர் அறை, இன்னோர் அறை என்று தாத்தா அலுத்துக்கொள்ளும் ஒரு வசனத்தில் போட்டு முடித்துவிட்டார். அந்த வசனம் காதில் விழுந்த பிறகு படம் முழுவதும் தாழ்வான கூரைகளும் குறுகலான நடைவழிகளும் மூடிக்கொள்ளும் கதவுகளும் உங்கள் கண்ணில் படத் தொடங்கும். யார் கதவைத் திறக்கிறார்கள், யார் சாத்துகிறார்கள், எந்தக் கதவின் வழியே இவர்கள் தப்பிக்கிறார்கள் என்று பின்தொடர்ந்தால், கதை இல்லாததாகத் தோன்றிய படத்தில் கதை அங்கேயே இருப்பது தெரியும். இது நான்கு நட்சத்திரங்களைப் பற்றிய படம் என்பதைவிட, எங்கே போக வேண்டும், எப்போது ரசிகர் கடிதங்களுக்குப் பதில் எழுத வேண்டும் என்று மேலாளர் சொல்லச் சொல்லச் செய்யும் நான்கு தொழிலாளர்களைப் பற்றிய நகைச்சுவை என்பதே பொருத்தம். இன்றைய இளைஞர்களுக்கும் இது ஒட்டுவதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

தொடக்கத்திலேயே கவனமாக இருங்கள். ஜார்ஜ் ஹாரிசனின் பன்னிரண்டு தந்தி ரிக்கன்பாக்கர் கிட்டார் முன்னே ஒலிக்க, ஒரே ஒரு சுரக்கொத்து (கார்ட்) கணீரென்று விழுகிறது. அடுத்த கணம் ரசிகர் கூட்டம் துரத்த அவர்கள் ஓடி வருகிறார்கள். மேரிலபோன் ரயில் நிலையத்தை ஒட்டிய பாஸ்டன் பிளேஸ் தெருவில் எடுத்த இந்தக் காட்சியில் ஹாரிசன் தடுக்கி விழ, பின்னால் வந்த ரிங்கோ ஸ்டாரும் அவரோடு சேர்ந்து விழுகிறார்; முன்னே ஓடும் ஜான் லென்னன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். அது ஒத்திகை பார்த்து விழுந்தது அல்ல. வேறொரு இயக்குநர் 'இன்னொரு டேக்' என்றிருப்பார்; லெஸ்டர் அதை அப்படியே வைத்துக்கொண்டார். தொலைக்காட்சியிலும் விளம்பரப் படங்களிலும் பழகிய அந்த அமெரிக்கருக்கு, நடிக்கத் தெரியாதவர்களிடமிருந்து நடிப்பைக் கறக்க முயல்வது வீண் என்பது தெரிந்திருந்தது. ஓவனும் அதே காரணத்தால்தான் நால்வருக்கும் நீண்ட வசனங்கள் தராமல் ஒற்றை வரிகளாக எழுதினார்.

ரயில் பெட்டியில் நடக்கும் காட்சியை மட்டும் தேவைப்பட்டால் திரும்பவும் ஓட்டிப் பாருங்கள். இந்தப் படத்தின் முறை முழுவதும் அந்தச் சில நிமிடங்களில் அடங்கியிருக்கிறது. கோட்டும் தொப்பியுமாக ஒரு கனவான் உள்ளே வந்து, திறந்திருந்த சன்னலைச் சாத்துகிறார், இவர்கள் கேட்டுக்கொண்டிருந்த வானொலியை நிறுத்துகிறார், தான் இந்த ரயிலில் வாரம் இரண்டு முறை தவறாமல் போகிறவன் என்று உரிமை கொண்டாடுகிறார். உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் நான் போரில் சண்டையிட்டேன் என்று அவர் சொல்ல, ஜெயித்ததற்கு இப்போது வருத்தப்படுவீர்கள் என்று ரிங்கோ பதில் சொல்கிறார். இரண்டாம் உலகப் போர் முடிந்து இருபது ஆண்டுகள்கூட ஆகாத பிரிட்டனில் அந்த ஒரு வரி எத்தனை மேசைகளைப் புரட்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கடுத்து நடப்பதுதான் இன்னும் முக்கியம்: பெட்டியை விட்டு வெளியேறியவர்கள், ஓடும் ரயிலுக்கு வெளியே தரையில் கூடவே ஓடியபடி, ஐயா எங்கள் பந்தைக் கொடுத்துவிடுங்கள் என்று சன்னல் வழியே கத்துகிறார்கள். எப்படி வெளியே போனார்கள், எப்படி மறுபடி உள்ளே வந்தார்கள் என்பதற்கு விளக்கமே இல்லை. செய்திப்படம் போல எடுக்கப்பட்ட ஒரு படத்தில் இப்படி ஒரு கனவு திடீரென்று நுழைந்து மறைவதை ஏற்றுக்கொண்டுவிட்டால், மற்றதெல்லாம் தானாகப் பிடிபட்டுவிடும்.

தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. அதே ரயிலின் சரக்குப் பெட்டியில் சீட்டாடிக்கொண்டிருக்கும்போது ஒரு பாட்டு தொடங்குகிறது. சற்று நேரத்தில் கையில் கிட்டார்கள், எதிரே டிரம்ஸ். பாட்டு முடியும்போது மறுபடி சீட்டுக்கட்டு. வாத்தியம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் வழக்கம் நமக்கு எப்போது இருந்தது? ஆங்கிலத் திரையில் அன்று பாடகர் நடித்த படங்களில் பெரும்பாலும் மேடையோ விருந்தோ காட்டி, பாட்டுக்கு ஒரு சாக்கு தேடினார்கள். லெஸ்டர் அந்தச் சாக்கையே தூக்கி எறிந்தார்.

பத்திரிகையாளர் விருந்துக் காட்சியில் பதில்களை மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அமெரிக்காவை எப்படிக் கண்டீர்கள் என்ற கேள்விக்கு, கிரீன்லாந்தில் இடப்பக்கம் திரும்பினோம் என்று லென்னன் சொல்வது பலரும் அறிந்ததுதான். ஆனால் கண்ணை நால்வரின் கைகளின் மேல் வையுங்கள்: தங்கள் பெயரில் நடக்கும் அந்த விருந்தில் அவர்களுக்கு ஒரு சாண்ட்விச் கூடக் கிடைக்காமல், தட்டுகள் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும்.

பிறகு வரும் தீயணைப்புப் படிக்கட்டுக் காட்சிக்காகத்தான் இதுவரை அறைகளைக் கவனிக்கச் சொன்னேன். ஒத்திகையிலிருந்து நழுவி, ஒரு கதவைத் தள்ளித் திறந்துகொண்டு, இரும்புப் படிகளில் தடதடவென்று இறங்கி அவர்கள் ஒரு வெட்டவெளி மைதானத்துக்கு வருகிறார்கள். அதுவரை முகங்களை ஒட்டியே நின்ற கேமரா திடீரென்று ஹெலிகாப்டரில் ஏறி வானத்திலிருந்து பார்க்கிறது. பின்னணியில் 'கேன்ட் பை மீ லவ்' ஒலிக்க, ஒருவரும் வாயசைப்பதில்லை. குதிக்கிறார்கள், உருளுகிறார்கள், வேகமாகவும் மெதுவாகவும் ஓடுகிறார்கள், அவ்வளவுதான். பிற்காலத்து மியூசிக் வீடியோக்களுக்கெல்லாம் இதுவே வித்து என்று சொல்லி, எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி நிறுவனம் லெஸ்டருக்கு 'தந்தை' என்று பட்டம் கொடுத்தபோது, ரத்தப் பரிசோதனை செய்து நிரூபியுங்கள் என்று அவர் கேட்டாராம். காட்சியின் சில பகுதிகளில் மூன்று பேர் மட்டுமே தெரிவார்கள். லென்னன் தன் புத்தகத்துக்காக லண்டனில் நடந்த ஒரு விருந்துக்குப் போயிருந்தார். மைதானத்துக்குச் சொந்தக்காரர் வந்து இது தனியார் இடம் என்று சொன்னதும் ஆட்டம் நின்றுவிடுகிறது. உங்கள் மைதானத்துக்கு வலித்திருந்தால் மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டு எல்லோரும் வேலைக்குத் திரும்புகிறார்கள்.

படம் பிடித்துப்போய் இரண்டாம் முறை பார்க்கிறீர்கள் என்றால், ஒவ்வொருவரும் தனியாக அகப்பட்டுக்கொள்ளும் காட்சிகளை நிதானமாகப் பாருங்கள். நடைவழியில் ஒரு பெண் லென்னனைப் பார்த்து, நீங்கள் அவர்தானே என்று கேட்க, இவர் இல்லவே இல்லை என்று சாதிக்கிறார். கடைசியில் அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, ஆமாம், கொஞ்சமும் அவரைப் போல இல்லை என்று ஒப்புக்கொள்கிறாள். ஹாரிசன் வழி தவறி ஒரு விளம்பர அலுவலகத்துக்குள் போய்விடுகிறார். இளைஞர்களுக்கான சட்டைகளைக் காட்டிக் கருத்துக் கேட்பவர்களிடம், இவை படுமோசம் என்கிறார். இவன் புதிய போக்கின் முன்னோடியோ என்று பதறிய அலுவலர் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்து, மாற்றம் வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, இவன் வெறும் தகராறுக்காரன் என்று நிம்மதி அடைகிறார். ரசனையை உற்பத்தி செய்யும் தொழிலைப் பற்றி இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ரிங்கோவின் காட்சியில் பேச்சே குறைவு: பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு தேம்ஸ் நதிக்கரையில் அலைபவர், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட ஒரு சிறுவனைச் சந்திக்கிறார். முந்தின இரவுக் கேளிக்கையின் களைப்போடு படப்பிடிப்புக்கு வந்ததால்தான் அந்தச் சோர்ந்த முகம் என்று ரிங்கோவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மெக்கார்ட்னிக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு தனிக்காட்சி இல்லை என்று தேடாதீர்கள். எடுத்தார்கள், தொகுப்பில் வெட்டிவிட்டார்கள்.

கேமராவில் ஆர்வமுள்ளவர்கள், ஒத்திகையில் வரும் 'அண்ட் ஐ லவ் ஹர்' பாடலில் ஒளிப்பதிவாளர் கில்பர்ட் டெய்லர் செய்திருப்பதைக் கவனிக்க வேண்டும். கேமரா மெக்கார்ட்னியைச் சுற்றி மெல்ல நகர்ந்து, பின்னால் இருக்கும் விளக்கு நேராக லென்ஸுக்குள் பாய, அவர் முகத்தின் விளிம்பு மட்டும் எஞ்சுகிறது. அன்றைய பாடப்புத்தக இலக்கணத்தில் இது பிழை. இறுதி நிகழ்ச்சி லண்டன் ஸ்காலா அரங்கில் எடுக்கப்பட்டது. அங்கே பாடுபவர்களுக்குக் கொடுத்த அளவு இடத்தைக் கதறி அழும் பார்வையாளர் முகங்களுக்கும் லெஸ்டர் கொடுத்திருக்கிறார். அந்தக் கூட்டத்தில் பின்னாளில் பெரும் பாடகராகவும் டிரம்ஸ் கலைஞராகவும் ஆன ஃபில் காலின்ஸ், பதின்மூன்று வயதுச் சிறுவனாக உட்கார்ந்திருந்தார்.

சில இடங்களில் நீங்கள் விழிக்க நேரலாம். தாத்தாவைப் பார்ப்பவர்களெல்லாம் ரொம்பச் சுத்தமானவர் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அவற்றில் ஒன்று. அவ்வேடத்தில் நடித்த வில்ஃப்ரிட் பிராம்பெல், அப்போது பிபிசியில் புகழ்பெற்றிருந்த ஒரு நகைச்சுவைத் தொடரில் பழைய சாமான் வாங்கி விற்கும் கிழவராக வந்து, அழுக்குக் கிழவன் என்று மகனிடம் வசை வாங்கிக்கொண்டிருந்தவர்; பிரிட்டிஷ் பார்வையாளருக்கு அந்தத் தலைகீழ்ப் புகழ்ச்சியே சிரிப்பு. அவர் சூதாட்ட விடுதிக்குப் போகும் காட்சி என்னைப் பொறுத்தவரை தொய்வுதான், அங்கே எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வரலாம். பெண்களுக்கு இந்தப் படத்தில் கூச்சலிடுவதைத் தவிர வேலை மிகக் குறைவு என்பதையும் மறைப்பதற்கில்லை. ரயிலில் பள்ளிச் சீருடையில் வரும் பேட்டி பாய்ட் 1966இல் ஹாரிசனைத் திருமணம் செய்துகொண்டார், ஆனால் படத்தில் அவருக்கென்று இருக்கும் வசனத்தை எண்ணிவிடலாம்.

இதற்குப் பிறகு என்ன பார்ப்பது என்று கேட்டால், லெஸ்டர் முன்னதாக நகைச்சுவை நடிகர்களான பீட்டர் செல்லர்ஸ், ஸ்பைக் மில்லிகன் ஆகியோரோடு எடுத்த பதினொரு நிமிடக் குறும்படமான 'தி ரன்னிங் ஜம்பிங் அண்ட் ஸ்டாண்டிங் ஸ்டில் ஃபிலிம்' என்பதைச் சொல்வேன். பீட்டில்ஸ் நால்வருக்கும் அது மிகவும் பிடித்திருந்ததே அவர் இப்படத்துக்கு இயக்குநராவதற்கு ஒரு காரணம். மைதானக் காட்சியின் மூலமும் அதில் இருக்கிறது. 1965இல் வந்த 'ஹெல்ப்!' படத்தை உடனே தொடர்ந்து பார்க்க வேண்டாம், சில நாள் போகட்டும். வண்ணம், ஆல்ப்ஸ் மலை, பஹாமாஸ் தீவு என்று அதில் செலவு நிறைய, ஆனால் முட்டித் திறப்பதற்குக் கதவு இல்லை. போதாக்குறைக்கு, முகத்துக்குச் சாயம் பூசிய ஆங்கில நடிகர்கள் காளி பக்தர்களாக வந்து நரபலி என்று செய்யும் கூத்து நமக்குச் சகிக்காது. அப்படியே பார்ப்பதானால் இந்திய உணவகக் காட்சியில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: அங்கே இந்திய வாத்தியங்களில் வாசிக்கப்படுவது முதல் படத்தின் பாட்டு, ஹாரிசன் சிதாரை முதன்முதலில் கையில் எடுத்துப் பார்த்ததும் அந்தப் படப்பிடிப்பில்தான்.