பல்கலைக்கழக ஊழியர்களுக்குப் பயிலரங்கு நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இரண்டு இளம் உதவிப் பேராசிரியர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தின் அலுவலக ஊழியர்களுக்காக இரண்டு நாள் பயிலரங்கு ஒன்று நடத்தினார்கள். இருவருக்கும் அதுதான் முதல் அனுபவம். ஓர் அமர்வு எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். என் அமர்வு மதியம்தான் என்பதால் காலையில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 16 ஆண்டுகளுக்கு முன்பு இந்த வேலையைத் தொடங்கியபோது நான் செய்த தவறுகள் அப்படியே திரும்ப நடந்தன. அன்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களின் பயிற்சிக்கு நாட்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி அதற்கென்றே தனிக் கல்லூரிகள் வந்தன. பெயர் மாறி மாறி, இன்று அவை மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்களாக இருக்கின்றன. தமிழ்நாட்டில் அரசு அலுவலகத்தில் சேரும் இளநிலை உதவியாளருக்குப் பவானிசாகரில் உள்ள அரசுப் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி உண்டு. பல்கலைக்கழக அலுவலகத்தில் சேர்ந்தவருக்கு? எனக்குத் தெரிந்த எவரும் பவானிசாகர் போனதில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லிக் கொடுத்ததுதான் அவருடைய பயிற்சி. பத்து வருடத்துக்கு ஒரு முறை வரும் இந்த இரண்டு நாளையும் நாம் வீணடித்தால், அவருக்கு வேறு வாய்ப்பு கிடையாது.

மைக் வேலை செய்யவில்லை, புரொஜெக்டர் எரியவில்லை, சாப்பாடு தாமதம் என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அவை தாமாகவே சரியாகிவிடும்.

மார்ச் மாதத்தில் வைப்பது

பயிற்சிக்கென்று ஒதுக்கிய பணத்தை மார்ச் 31க்குள் செலவழிக்க வேண்டும் என்று பிப்ரவரி கடைசியில் ஞாபகம் வரும். உடனே மார்ச் இரண்டாவது வாரத்தில் தேதி குறிப்பார்கள். நிதிப் பிரிவுக்கு அது மூச்சுவிட முடியாத மாதம். தேர்வுப் பிரிவுக்கு ஏப்ரல் தேர்வு வேலை தலைக்கு மேல் இருக்கும். வந்து உட்காருகிறவர் உடம்பு மட்டும்தான் அரங்கில் இருக்கும், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போன் வரும். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள் ஓரளவு இளைப்பாறக் கூடியவை. அப்போதே வைத்துவிடுங்கள்.

நீண்ட தொடக்க விழா

குத்துவிளக்கு, பொன்னாடை, ஐந்து வாழ்த்துரை. பதினொன்றரை ஆகிவிடும். வேண்டாம்.

யாரை அனுப்புவது என்பதைப் பிரிவிடமே விட்டுவிடுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிற தவறு இது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மை சரிபார்க்கும் வேலையைப் புதிய மென்பொருளுக்கு மாற்றினார்கள். ஒருவர் அரசு வேலையில் சேர்ந்தால், அவர் காட்டிய பட்டம் உண்மையானதுதானா என்று கேட்டு அந்தத் துறை பல்கலைக்கழகத்துக்கு எழுதும். பதிவெண்ணைப் பழைய மதிப்பெண் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பதில் அனுப்ப வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய பேரேடுகளில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே பதிவெண் ஏப்ரல் தேர்வில் ஒருவருக்கும் நவம்பர் தேர்வில் இன்னொருவருக்கும் வந்திருக்கும். மாதத்தையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் ஆள் மாறிவிடும். புதிய மென்பொருளுக்கான பயிலரங்கில், இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுக்கவே அரை நாள் ஒதுக்கியிருந்தேன்.

சுற்றறிக்கையை எழுதியது நான்தான். "தங்கள் பிரிவிலிருந்து இரு பணியாளர்களைப் பரிந்துரைத்து அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று, எல்லாரும் எழுதுவது போலவே எழுதினேன். அந்தப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவர். இன்னொருவர் தபால் பார்ப்பவர். இருவரும் நல்ல மனிதர்கள், கவனமாகக் குறிப்பெடுத்தார்கள், சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள்.

உண்மையில் அந்தத் திரையைத் தினமும் திறந்து வேலை பார்த்தவர் தொகுப்பூதியத்தில், அதாவது நிரந்தரமில்லாமல் மொத்தத் தொகையாகச் சம்பளம் வாங்கும் வேலையில், இருந்த ஒரு பெண். ஆறு வருடமாக அந்த நாற்காலியில் இருந்தவர். பயிலரங்கு நடந்த இரண்டு நாளும் அவர் தன் இடத்தில் உட்கார்ந்து பதில்களைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நான்கு மாதம் கழித்து வேறு வேலையாக அங்கே போயிருந்தேன். நடுவயது தாண்டிய ஒருவர் அந்த மேசைக்கு முன்னால் நின்றிருந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரப்படுத்திய பட்டச் சான்றிதழை மேசைமேல் வைத்தார். அதன் ஓரங்கள் பழுத்திருந்தன. "அம்மா, இது நான் படிச்சு வாங்கினதும்மா" என்றார். அதற்கு மேல் பேச முடியவில்லை அவரால். ஆசிரியர் வேலை கிடைத்துச் சேர்ந்தவர். அவருடைய பட்டம் பதிவேட்டுடன் ஒத்துப்போகவில்லை என்று இங்கிருந்து பதில் போயிருக்கிறது. பள்ளியில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பேரேட்டை எடுத்துப் பார்த்தோம். நவம்பரில் தேறியவரை ஏப்ரல் பக்கத்தில் தேடியிருக்கிறார்கள்.

அந்தப் பெண் அழுதுவிட்டார். "சார், மாசத்தையும் பார்க்கணும்னு எனக்கு யாருமே சொல்லலையே" என்றார். உண்மைதான், யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான். அவர் இருந்த இடத்திலிருந்து இருநூறு அடி தள்ளி, அதே விஷயத்தை, அது தேவையில்லாத இரண்டு பேருக்கு அரை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். திருத்திய பதில் அன்றே போனது. ஆனால் அந்த நான்கு மாதத்தில் போன பதில்கள் அத்தனையையும் மறுபடி பேரேட்டோடு ஒப்பிட வேண்டியிருந்தது.

இது ஏன் நடக்கிறது என்று பிறகு யோசித்தேன். "இருவரை அனுப்புங்கள்" என்ற கடிதம் வந்ததும் பிரிவின் கண்காணிப்பாளர் பார்ப்பது ஒன்றைத்தான். யார் இரண்டு நாள் இல்லாவிட்டால் வேலை நிற்காது? அவரை அனுப்புவார். யார் இல்லாவிட்டால் வேலை நின்றுபோகுமோ அவருக்குத்தான் பயிற்சி தேவை, அவரைத்தான் அனுப்ப மாட்டார்கள். கண்காணிப்பாளரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அன்றைய தபாலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கடிதத்தை அப்படி எழுதியது நம் தவறு.

இன்னொரு காரணமும் உண்டு. தொகுப்பூதியம், தினக்கூலி ஆட்களுக்குப் பணிப்பதிவேடு கிடையாது, அதனால் பயிற்சி எதற்கு என்று ஒரு எண்ணம். பயிற்சிச் சான்றிதழ் கொடுத்தால் நாளைக்கு நிரந்தரம் கேட்டு அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள் என்று ஓர் அலுவலர் என்னிடம் நேரடியாகவே சொன்னார். அவர் பயத்துக்காக எங்கோ ஓர் ஊரில் ஒரு மனிதர் தன் பட்டம் பொய்யில்லை என்று நிரூபிக்க அலைய வேண்டுமா? இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

இப்போது நான் செய்வது இதுதான். கடிதம் எழுதுவதற்கு முன் பிரிவுக்கு நேரில் போகிறேன். "இந்தத் திரையைத் தினமும் திறப்பது யார்?" என்று மட்டும் கேட்கிறேன். பதவிப் பெயரைக் கேட்பதில்லை. சந்தேகம் இருந்தால் தன்பதிவேட்டை, அதாவது ஒவ்வொருவரும் தனக்கு வரும் தாள்களைக் குறித்துவைக்கும் ஏட்டை, பார்த்தாலே போதும், எந்த வகைத் தாள் யாரிடம் போகிறது என்று தெரிந்துவிடும். ஆனால் தொகுப்பூதியக்காரர் செய்யும் வேலை வேறொருவர் தன்பதிவேட்டில் ஏறியிருக்கும், அதனால் மேசையைப் பார்ப்பதுதான் நிச்சயம். அப்புறம் ஆளின் பெயரைப் போட்டே பதிவாளர் கையெழுத்தில் கடிதம் வாங்குகிறேன். இரண்டு முழு நாளை நான்கு அரை நாளாக உடைத்து, ஒரே பாடத்தை இரண்டு குழுவுக்கு நடத்துகிறேன். நாற்காலி முழுசாகக் காலியாகாது என்று தெரிந்தால் கண்காணிப்பாளர் தாராளமாக அனுப்புவார். எனக்கு இரட்டை வேலைதான், பரவாயில்லை.

போன மாதம் அந்த இளைஞர்களின் அரங்கில் தேநீர் வேளையில் விசாரித்தேன். இணையவழிக் கட்டண வரவைக் கணக்கில் ஏற்றும் பயிற்சி அது. உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேருக்கு அந்த வேலையே இல்லை.

குறியேற்றத்தையும் விசைப்பலகையையும் குழப்புவது

தமிழ்க் கணினிப் பயிற்சி என்றால் இது தவறாமல் நடக்கும். பழைய எழுத்துருவில் தட்டிய கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினால், அந்தப் பக்கம் திறக்கிறவருக்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அதனால் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாறச் சொல்கிறோம். 2010இலேயே தமிழ்நாடு அரசு ஆணை போட்டு ஏற்றுக்கொண்ட விஷயம் அது. சொல்வது சரிதான். ஆனால் கூடவே "தமிழ் 99 விசைப்பலகையையும் கற்றுக்கொள்ளுங்கள்" என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள், ஏதோ இரண்டும் ஒன்று என்பது போல.

தட்டச்சில் உயர்நிலை தேறி, இருபது வருடம் பழைய தட்டச்சு முறையில் அடித்துப் பழகிய ஓர் அக்கா எனக்கு ஞாபகம் வருகிறார். திரையைக்கூடப் பார்க்காமல் அடிப்பார். தமிழ் 99இல் அவரை உட்காரவைத்தேன். ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் ஆனது. விரல்கள் பழைய இடத்துக்கே போயின, மறுபடி மறுபடி அழித்தார். மறுநாள் பழைய எழுத்துருவுக்கே திரும்பிவிட்டார். ஒருங்குறி மேலேயே அவருக்கு வெறுப்பு வந்துவிட்டது.

விசைப்பலகை வேறு, குறியேற்றம் வேறு. எந்த விசையில் எந்த எழுத்து என்பது விசைப்பலகை, அந்த எழுத்தைக் கணினி சேமிக்கும் முறை குறியேற்றம். என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருளில் பழைய தட்டச்சு முறையைத் தேர்ந்தெடுத்தால், விரல் போன வழியிலேயே போகும், எழுத்து ஒருங்குறியில் விழும். அவருக்கு இதைக் காட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். தமிழ் 99 அருமையான முறை. புதிதாகத் தட்டச்சு கற்கிறவருக்கு அதைத்தான் சொல்லிக் கொடுப்பேன். ஏற்கெனவே வேகம் உள்ளவரிடம் அந்த வேகத்தைப் பிடுங்காதீர்கள்.

சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் படித்துக் காட்டுவது

2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றிப் பயிலரங்கு வைத்து, பிரிவு 1 முதல் திரையில் போட்டுப் படிப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் பாதி அரங்கு தூங்கிவிடும்.

ஒரு மனுவைக் கொண்டுபோங்கள், பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு. அதில் தபால் பிரிவின் முத்திரைத் தேதி தெரிய வேண்டும். "பதில் தர வேண்டிய 30 நாள் எப்போது முடிகிறது, எண்ணுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலோர் தங்கள் மேசைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணுவார்கள். அலுவலகத்தில் பெறப்பட்ட நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்றதும் அரங்கே நிமிர்ந்து உட்காரும். ஏனென்றால் தபால் பிரிவு, பதிவாளர், பொதுத் தகவல் அலுவலர் என்று சுற்றி மேசைக்கு வருவதற்குள் பத்து நாள் போயிருக்கும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை, பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலருக்கே தனிப்பட்ட முறையில் அபராதம் விதிக்கலாம். பொதுத் தகவல் அலுவலர் உதவி கேட்ட பிரிவு அலுவலரும், மீறல் என்று வரும்போது, அந்தச் சட்டப்படி பொதுத் தகவல் அலுவலராகவே கருதப்படுவார். இதையெல்லாம் அந்த ஒரு தாளை வைத்தே சொல்லிவிடலாம்.

தேர்வுப் பிரிவுக்கு என்றால், தன் விடைத்தாளைக் கேட்டு மாணவர் போட்ட மனுவையே எடுங்கள். தேர்வு எழுதியவர் திருத்தப்பட்ட தன் விடைத்தாளைப் பார்க்கலாம், நகலும் பெறலாம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சி.பி.எஸ்.இ. வழக்கில் தீர்ப்பளித்தது. அது தெரியாமல் இன்னும் "தர இயலாது" என்று பதில் தயாரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதிலை அரங்கிலேயே அவர்கள் கையால் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.

லாகின் கொடுக்காமல் பயிற்சி கொடுப்பது

மறுநாள் காலை உள்ளே நுழைய முடியாவிட்டால், ஒரு வாரத்தில் எல்லாம் மறந்துபோகும்.

துணைப் பதிவாளரையும் இளநிலை உதவியாளரையும் ஒன்றாக உட்காரவைப்பது

தன் அதிகாரி பக்கத்தில் இருக்கும்போது யாரும் "எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல மாட்டார்கள். தனித்தனியாக வையுங்கள்.

கருத்துப் படிவத்தை நம்புவது

என்னிடம் ஒரு அலமாரி நிறைய "மிக நன்று" இருக்கிறது. அதை நிரப்பியவர்கள் ஐந்து மணி பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள். அவர்களிடம் உண்மையை எதிர்பார்த்து நான் படிவம் நீட்டிய நேரமே தவறு.

ஆறு வாரம் கழித்து மேசைக்குப் போங்கள். சொல்லிக் கொடுத்ததைச் செய்கிறார்களா என்று கேட்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கோப்பு நகர்வதைப் பாருங்கள். திரை ஓரத்தில் அவர்களே எழுதி ஒட்டிவைத்த சீட்டு இருந்தால் அதைப் படியுங்கள். நான் சொன்னதில் எது அவர்களுக்கு உதவியது, எதை நான் தெளிவாகச் சொல்லவில்லை என்பது அந்தச் சீட்டில் இருக்கும். அடுத்த பயிலரங்கின் பாடத்தை நான் அதிலிருந்துதான் எடுக்கிறேன்.

அந்த இரண்டு உதவிப் பேராசிரியர்களும் அடுத்த பயிலரங்குக்கான கடிதத்தை மாற்றி எழுதி எனக்கு அனுப்பியிருந்தார்கள். "இருவரை அனுப்புக" என்பது போய், "கட்டண வரவைத் தினமும் பதிவு செய்பவரின் பெயரைத் தெரிவிக்கவும்" என்று இருந்தது. நேற்று மாலை அவர்களில் ஒருவர் போன் செய்தார். ஒரு பிரிவிலிருந்து பதில் வந்திருக்கிறதாம்: அந்த வேலையைப் பார்ப்பவர் தொகுப்பூதியப் பணியாளர், அனுப்பலாமா? "என்ன எழுதட்டும் சார்?" என்று கேட்டார். அனுப்பலாம் என்று இன்றே எழுதி, கடிதத்தைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றேன்.